தறிக்குழியில் கிடந்த வீணை

தை மாதம் நம் வீணைப் பட்டறையில் சேர்ந்த உங்கள் நான்கு பேருக்காக இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். தலை நரைத்து ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை இருபத்தாறு வயதுக்காரி எழுதுகிறாளே என்று சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அடுத்த மாதம் சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் வாத்தியங்களைப் பழுது பார்க்கும் வேலையில் சேருகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அரசாங்கச் சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடப் போகும் முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மெழுகு காய்ச்சும் பக்குவத்தையும் தந்திகளைத் தாங்கும் குதிரையைச் செதுக்கும் அளவையும் எழுதப் போவதில்லை. கையைப் பார்த்துக் கை அதைக் கற்றுக்கொள்ளும். கை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே கடிதம் எழுத வந்தவள். பதினோராம் வகுப்புத் தேறியிருந்தேன். மேஸ்திரிக்கு எழுத்துத் தெரியாது. பெங்களூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டிப் பதில் எழுத வேண்டும். பழுதுக்கு வரும் வீணைகளுக்கு ஒரு பதிவு நோட்டு வைக்க வேண்டும். ஆறு மாதம் போயிருக்கும். ஒரு நாள் தந்தியை முறுக்கேற்றும் பிருடையில் அதன் முனையை நான் சுற்றுவதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுத்து எங்க கத்துக்கின?"

"பாவு பிணைக்கிற சுத்து" என்றேன். தறியில் நீளவாக்கில் கட்டிய பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பழைய இழையோடு சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்த விரல் இது.

"நோட்ட ஓரமா வெச்சுட்டு இங்க வந்து உக்காரு" என்றார்.

அவர் எனக்குப் பாடம் நடத்தியதாக நினைத்துவிடாதீர்கள். தப்பாகச் செய்தால் "ஹும்" என்பார். சரியாகச் செய்தாலும் "ஹும்" என்பார். எது எந்த ஹும் என்று புரியவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நான்காம் வருடம் மேளம் கட்டும் வேலையை முழுதாக என்னிடம் விட்டுவிட்டார். வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் மேல் மெழுகு வார்த்து, இருபத்து நான்கு மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு அதனதன் இடத்தில் நிறுத்துவது என்றால் சும்மா இல்லை. மெட்டு நெல்முனை அளவு நகர்ந்தாலும் காந்தாரம் பொய் சொல்லும். "பொம்பள கட்ன மேளமா?" என்று கேட்டவர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் எடுத்துப் போனார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அந்த வருடம் சித்திரைக் கடைசியில் ஐயம்பேட்டையிலிருந்து தணிகாசலம் என்கிற நெசவாளர் ஒரு வீணையைக் கொண்டுவந்தார். வயது ஐம்பது இருக்கும். மனைவி ரத்னாவும் கூட வந்திருந்தார்.

"மேளம் பூரா தளர்ந்து போச்சுமா. புதுசா கட்டணும்" என்றார் தணிகாசலம். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, எனக்குப் படிக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டவர்போல, என் கையில் கொடுத்தார். சென்னை வானொலியில் வாசித்துக் காட்டுவதற்கான அழைப்பு. இன்னும் ஒரு மாதம் இருந்தது. வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி.

"மூணு தபா எழுதிப் போட்டேன். இப்பதான் கூப்ட்டுகிறாங்க. தறிக்காரனுக்கு இன்னாத்துக்கு வீணைன்னு கேக்காதவங்க கெடையாது. இந்த ஒரு தபா போய் வாசிச்சுட்டா போதும். இத்த வுட்டா, இந்த வயசுக்கு மேல யாரு கூப்புடப் போறாங்க?"

"ரேடியோவுல மூஞ்சி தெரியாதாமே, அதான் தைரியமா கூப்ட்டுட்டாங்க" என்றார் ரத்னா.

ஒரே பலாமரத்தில் குடமும் தண்டியுமாகக் குடைந்த பழைய வீணை அது. மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டில் இருப்பது. தூக்கியதும் ஒன்று தெரிந்தது. வழக்கத்தைவிடக் கனம். உள்ளங்கைக்குக் குளிர்ச்சி. மற்ற யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: 'மரத்தில் ஈரம். நன்றாகக் காய வைத்தபின் மேளம் கட்டவும்.' அடியில் கோடும் போட்டேன்.

மேஸ்திரியிடம் வாயால் சொல்லவில்லை. அவர் நோட்டைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். எழுதியாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள்.

மெழுகு பிடிக்க வேண்டும் என்பதற்காக எந்த வீணையையும் சில நாள் உலைக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிடுவது நம் பட்டறை வழக்கம். இதை நான் அக்கினி நட்சத்திரத்தில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, பதினாறு நாள் தொங்கவிட்டேன். நாளுக்கு நாள் அது லேசாகிக்கொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷம். பிறகு உட்கார்ந்து மேளம் கட்டினேன். என் கையால் கட்டியவற்றில் அதுதான் நல்ல மேளம் என்று தோன்றியது. மேஸ்திரி அதற்குள் பலாக்கட்டை வாங்கப் பண்ருட்டிக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார்.

புதன்கிழமை உச்சி வேளை. பட்டறையில் நானும் குப்புசாமி அண்ணனும் மட்டும் இருந்தோம். குடம் செதுக்குவதில் அவருக்கு ஈடு இந்த ஊரில் இல்லை. அப்போது படீரென்று ஒரு சத்தம். தெருவில் யாரோ தேங்காய் உடைத்தது போல இருந்தது. அண்ணன் உளியைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் சுவரோரம் நின்ற அந்த வீணையைத்தான் பார்த்தோம்.

குடத்தின் பக்கவாட்டில் ஒரு ஜாண் நீளத்துக்கு வெடித்திருந்தது. நகம் நுழையும் அகலம்.

அண்ணன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "தங்கச்சி, பயப்படாத. பலாத்தூளும் வஜ்ஜிரமும் கொழைச்சு அடைச்சு, தேய்ச்சு, மெருகு போட்டா அந்த ஆண்டவனுக்கே தெரியாது. ரெண்டு மணி நேர வேலை."

"அவங்க கிட்ட?"

"இன்னாத்துக்கு சொல்லிக்கினு? வெள்ளிக்கிழமை தாங்கும். வாசிச்சுட்டு வரட்டும். அப்புறமா பாத்துக்கலாம்."

வஜ்ஜிரப் பசையை அடுப்பில் வைத்தேன். தூளைச் சலித்தேன். இரண்டையும் குழைத்து அகப்பையில் எடுத்தும்விட்டேன். அந்த மனுஷன் ரேடியோவுக்குப் போவதைக் கெடுத்துவிட்டேன் என்கிற பயம் ஒரு பக்கம். இத்தனை வருடம் தேடிய பேர் போய்விடுமே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஏன் வெடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதே உத்தரத்தில், அதே வெயிலில் எத்தனையோ வீணைகள் தொங்கியிருக்கின்றன. எதுவும் வெடித்ததில்லை. காரணம் தெரியாமல் வெடிப்பை அடைத்தால் நான் அடைப்பது என் வாயைத்தானே தவிர மரத்தை அல்ல. அகப்பையை வைத்துவிட்டேன்.

"இன்னா புள்ள நீ" என்று அண்ணன் எழுந்து போனார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே தணிகாசலமும் ரத்னாவும் வந்துவிட்டார்கள். வீணையை எடுத்துக்கொண்டு அன்று மாலையே சென்னைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்குவதாகத் திட்டம். அவர்கள் உட்காருவதற்கு முன்பே சொன்னேன். "வீணை வெடிச்சுடுச்சுங்க. நான்தான் காரணம். நான்தான் அதிகமா காய வெச்சேன்."

தணிகாசலம் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வீணையின் பக்கத்தில் உட்கார்ந்து வெடிப்பின் மேல் கட்டை விரலை வைத்து, அடிபட்ட குழந்தையின் முழங்காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு" என்று மட்டும் சொன்னார்.

கத்தியது ரத்னாதான். "ஒரு மாசமா குடுத்து வெச்சோமேமா! தொட்டுப் பாரு இத்த, இன்னாமா இது, காஞ்ச கருவாடு மாதிரி கீது! எங்க வூட்ல இருக்க சொல்ல எப்புடி இருக்கும் தெரியுமா? ஜில்லுனு, தண்ணி தெளிச்ச பாவு மாதிரி இருக்கும்!"

தண்ணி தெளிச்ச பாவு.

"வீட்ல இத எங்க வெச்சிருந்தீங்க?" என்றேன்.

"எங்க வெப்பாங்க? தறிக்குழிக்கு மேல, உத்தரத்துல. அவரு தாத்தா காலத்துல இருந்து அங்கதான் தொங்குது."

நான் நெசவுத் தெருவில் பிறந்தவள். கோடையில் மேல்காற்று அடித்தால் பட்டுப் பாவு ஒவ்வோர் இழையாக அறும். அதனால் தறி இருக்கும் அறைத் தரையில் தண்ணீர் தெளிப்போம். மேற்கு ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டுவோம். பள்ளிக்கூடம் போவதற்கு முன் தினமும் காலையில் அந்தச் சாக்கை நனைத்துக் கட்டியது நான்தான். மனிதர்கள் கால் விட்டு உட்காரும் அந்தக் குழியில் வருடம் முழுக்க ஈரம் குறையாது. அறுபது எழுபது வருடம் அந்தக் காற்றை மூச்சு விட்ட மரம் இது. குளிர்ச்சியும் கனமும் அதன் நோயல்ல, அதன் உடம்பு. நோய் என்று சிவப்பு மையில் எழுதியது நான்.

"திரும்ப ஈரத்துல வெச்சா மூடிக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் துணிச்சலை நினைத்துத் திக்கென்றது.

குப்புசாமி அண்ணன் குறுக்கே வந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். "ஈரத்துல வஜ்ஜிரம் இளகும் தங்கச்சி. குடத்து மேல் பலகை ஒட்டினது வுட்டுக்கினு வந்துச்சுனா? வெடிப்பு ஒண்ணு. அதோட பலகையும் போயிடும். அப்ப இன்னா பண்ணுவ?"

பதில் சொன்னவர் தணிகாசலம். "அறுபது வருஷமா அந்த ஈரத்துலதான கீது. அப்பல்லாம் பெயராத பலகை இன்னிக்கா பெயரப் போவுது?" என்று எழுந்து நின்றார். "வைமா. என் வீணை, நான் சொல்றேன்."

ஐயம்பேட்டைக்குப் போய் வர நேரமில்லை. வஜ்ஜிரமும் உலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீடு பட்டறையிலிருந்து இரண்டு தெரு. தந்திகளைத் தளர்த்தி, வீணையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

நைனா, என் அப்பா, தறியில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் புடவைக்கு முந்தானை போட்டுக்கொண்டிருந்தார். தறிக்காரரை அந்த இடத்தில் எழுப்பக் கூடாது.

"நைனா, இன்னிக்கு ஒரு நாள் எழுந்துக்கணும். குழி வேணும்."

"எதுக்கு?"

வீணையைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். நைனா வெடிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பதினோரு கிளாஸ் படிச்சியே, காத்தடிச்சா பாவு அறுந்துடும்னு எந்த கிளாஸ்லயும் சொல்லித் தரலியா?"

"அது நீ சொல்லித் தந்தது நைனா."

"அத்த மட்டும் மறந்துட்டு மிச்சத்த எல்லாம் ஞாபகம் வெச்சுக்கினு கீற." சொல்லிக்கொண்டே ஊடை இழை ஓட்டும் நாடாவை ஓரமாக வைத்துவிட்டுக் குழியிலிருந்து காலை எடுத்தார்.

அதன் பிறகு அங்கே நான் மேளம் கட்டுபவளும் இல்லை, படித்தவளும் இல்லை. நைனா சொன்னதைச் செய்தேன். குழியின் அடியில் பலகை போட்டு அதன் மேல் வீணையைச் சாய்த்தோம். சுற்றிலும் ஈர மணல் நிரப்பிய சட்டிகள். ஜன்னலுக்கு ஈரச் சாக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் வீணையில் படக் கூடாது, காற்று மட்டும் நனைய வேண்டும். எவ்வளவு நனைந்தது என்று எப்படித் தெரியும் என்று தணிகாசலத்திடம் கேட்டேன். அவர் நைனாவைக் காட்டினார். நைனா தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவில் ஓர் இழையை ஆள்காட்டி விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "இன்னும் காய்ஞ்சு கீது. வெறிச்சுனு பேசுது" என்றார். அரை மணி கழித்து இன்னொரு இழையைச் சுண்டினார். "இப்ப பதம்."

நான் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவர் பாவைச் சுண்டுவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். கேட்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பட்டறையில் செய்வதைத்தான் அவர் அந்தக் குழியில் முப்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

வெடிப்பு மூடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பார்க்கப் பார்க்க மூடியது போலவும் இருக்கிறது, மூடாதது போலவும் இருக்கிறது. ரத்னா என் அம்மாவிடம் கொஞ்சம் பட்டு நூல் வாங்கி, நான்கு இழையைச் சேர்த்து முறுக்கி வெடிப்பில் விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போய் வந்தது. பகல் பன்னிரண்டுக்கு நான்கு இழை நுழையவில்லை, மூன்று நுழைந்தது. இரண்டு மணிக்கு இரண்டு. ஐந்து பேரும் குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வெட்டிக் குடைந்து மெருகு போட்டு எத்தனையோ வருடம் ஆன கட்டை அது. வேரும் இல்லை, இலையும் இல்லை. அது எங்கள் கண் எதிரே காற்றிலிருந்து தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தப் பிற்பகலைப் போல இன்னொன்றை நான் பார்ப்பேன் என்று தோன்றவில்லை.

அரை மணிக்கு ஒரு தடவை குடத்தின் மேல் பலகையைத் தட்டிப் பார்த்தேன். ஒட்டு விட்டிருந்தால் செத்த சத்தம் வரும். பலகை அசையவில்லை.

வஜ்ஜிரத்தை எப்போது விடுவது என்பது அடுத்த சிக்கல். முன்கூட்டி விட்டால் பசை ஆப்பு மாதிரி நின்று வெடிப்பை மூடவிடாது. பிந்தினால் பசை உள்ளே போகாது. நான்கு மணிக்கு இரண்டு இழை மறுத்தது. ஓர் இழை மட்டும் வெண்ணெயில் போவது போலப் போனது. "இப்ப" என்றேன். திரும்பினால் வாசலில் குப்புசாமி அண்ணன் தணல் சட்டியில் வஜ்ஜிரக் கிண்ணத்தோடு நிற்கிறார். யாரும் கூப்பிடவில்லை.

"கோழி இறகுல தொட்டு வுடு. ப்ரஷ்ஷுக்குப் போவாது" என்றார்.

இறகால் தொட்டுத் தொட்டு விட்டேன். நைனா தறிக்கயிற்றால் குடத்தைச் சுற்றி இறுக்கினார். விளக்கு வைக்கும் நேரத்தில் கயிற்றை நகர்த்திப் பார்த்தபோது ஓர் இழைகூட நுழையவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் கூடப் போனேன். மரம் உப்பியதால் மெட்டுகள் இடம் மாறியிருக்கும் என்று தெரியும். மெழுகும் சூட்டுக்கோலும் பையில் இருந்தன. வீணையை நீளப் பெட்டியில் வைத்து, ஈரத்துணி நிறைந்த சட்டி ஒன்றை அதற்குள் ஓரமாக வைத்திருந்தோம். கண்டக்டர் பெட்டியை உதைத்துப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? சவப்பெட்டியெல்லாம் ஏத்த மாட்டோம்."

"சவம் இல்லபா, என் சக்களத்தி" என்றார் ரத்னா. "இருபத்தஞ்சு வருஷமா கூடக் குடும்பம் பண்றா. அவளுக்கும் சேத்து டிக்கெட் கிழி."

வானொலி நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து தந்திகளை மெதுவாக ஏற்றித் தணிகாசலம் மெட்டு மெட்டாக மீட்டினார். நான் பயந்த அளவுக்கு இல்லை. மூன்று மெட்டுகள் மட்டும் பொய் சொல்லின. கடைக்காரரைக் கெஞ்சி அவர் அடுப்பில் சூட்டுக்கோலைக் காய்ச்சி மெழுகை இளக்கினேன். பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போகும் அந்த ரோட்டில் காந்தாரத்தைத் தேடுவது எப்படி? தணிகாசலத்தை மீட்டச் சொல்லி, குடத்தின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டேன். சத்தம் எலும்பு வழியாக வந்தது. மூன்றையும் நிறுத்தினேன். மணி பத்தே முக்கால்.

அவர் உள்ளே போன பிறகு வாசல் காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தோம். "உள்ள நல்லா ஜில்லுனு இருக்கும்மா. முழுக்க ஏசி" என்றார் பெருமையாக.

ரத்னாவுக்குச் சந்தோஷம். "ஜில்லுனா நல்லதுதானேமா? நம்ம குழி மாதிரி."

ஏசி காற்றின் குளிர்ச்சி குழியின் குளிர்ச்சி அல்ல. அது ஈரத்தை உறிஞ்சும் குளிர்ச்சி. பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாமே வீண் போகவில்லை என்று அந்த நேரத்தில் தெரிந்து என்ன செய்ய? ரத்னாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. முந்தின நாள் சொன்னதைப்போல இதையும் சொல்லியிருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். முந்தின நாள் சொன்னதால் அவர்களால் ஏதாவது செய்ய முடிந்தது. இன்றைக்குச் சொன்னால் என் பயத்தில் பாதியை அவர் தலையில் இறக்கி வைத்ததாகத்தான் ஆகியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

முக்கால் மணி நேரம் கழித்துத் தணிகாசலம் வெளியே வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிடுங்கித் திறந்து வெடிப்பு இருந்த இடத்தைத் தடவினேன். குடத்தைத் தட்டினேன். முழுச் சத்தம். அப்புறம்தான் நிமிர்ந்தேன். அவர் கண் நிறைந்திருந்தது. "ஒரு எடத்துலகூட கொரல் ஒடையல" என்றார். வீணையைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்ததும் எல்லாவற்றையும் வாயால் சொன்னேன். அடுத்த வாரம் வீணையை வரவழைத்துக் குடத்தை நகத்தால் வருடினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. "எந்தப் பக்கம் வெடிச்சுது?" என்று கேட்டார். அந்தச் சுத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு நோட்டில் ஒரு கட்டம் சேர்த்தேன். நீங்கள் தினமும் நிரப்புகிற 'குடியிருந்த இடம்' என்கிற கட்டம் அப்படி வந்ததுதான். கடற்கரை வீடா, மாடி அறையா, சமையலறைச் சுவரா, தறிக்குழியா என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை உடனே மேஸ்திரிக்கு வாயாலும் சொல்லிவிடுங்கள்.

வானொலியிலிருந்து தேர்வானதாகக் கடிதம் வந்தது. ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை கால் மணி நேரம் தணிகாசலத்தின் வாசிப்பு ஒலிபரப்பானது. சென்னையில் முன்பே வாசித்துப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தார். நைனாவையும் குப்புசாமி அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனேன். அவர் வீட்டு ஜன்னலில் கடன் வாங்கிய ஒரு டிரான்சிஸ்டர். அவர் தன் தறியில், குழிக்குள் கால் விட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நெசவுத் தெருவில் காலை வேளையில் தறிச் சத்தம் ஓயாது. அதற்குள் வாழ்ந்தவர்களுக்கு அது கேட்காது. அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொன்னதும் அடுத்த வீட்டுத் தறி நின்றது. பிறகு எதிர்வீடு. பிறகு தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை என்று ரத்னா பிறகு சத்தியம் செய்தார். அந்த அமைதியில் அந்தப் பலாமரத்தின் குரல் தெரு முழுக்க நடந்து போயிற்று. என் கையால் வெடித்த மரம்.

வாசிப்பு முடிந்தது. விவசாயிகளுக்கான அறிவிப்புகள் தொடங்கின. ஒரு தறியும் அசையவில்லை. ரத்னா வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "முடிஞ்சுபோச்சுபா! போய்ப் பொழப்பப் பாருங்க!"

அப்படியும் யாரும் தொடங்கவில்லை. தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாடாவை எடுத்துத் தன் பாவில் ஓர் இழை ஓட்டினார். அவர் தறிச் சத்தம் கேட்ட பிறகுதான் மற்ற தறிகள் தொடங்கின.